கீமோ ஏறுறது வார்டுல, அனுபவிக்கிறது வீட்ல: நர்சிங் பாடம் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நர்சிங் பாடத்திட்டம் போடுற பெரியவங்களுக்கும், காலேஜ்ல கிளாஸ் எடுக்குற டீச்சர்களுக்கும், முக்கியமா கொஸ்டின் பேப்பர் செட் பண்றவங்களுக்கும் வணக்கம்.

நான் கீமோ டே கேர்ல, அதாவது கேன்சருக்கு கீமோ ஏத்திட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புற பிரிவுல, வேலை பாக்குற ஒரு நர்ஸ். நர்ஸ் வேலைக்கு சேந்து 16 வருஷம் ஆச்சு. ஸ்டூடன்ட்ஸ் போஸ்டிங் வந்தா சொல்லிக்குடுக்குற வேலையும் பெரும்பாலும் என் தலைல தான் விழும், அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, பிடிச்சு தான் செய்றேன். ஆனா ஒவ்வொரு பேட்ச்லயும் அதே ஓட்டையை பாக்குறேன், யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இத்தனை வருஷம் ஓடிடுச்சு, அதான் உங்களுக்கே எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் படிக்கும்போது பரீட்சைல "கீமோதெரபியின் பக்கவிளைவுகளை எழுதி, செவிலியர் பராமரிப்பை விளக்குக"ன்னு 15 மார்க் கேள்வி வந்துச்சு. நான் 14 வாங்கினேன். வாந்தி, வாய்ப்புண், பேதி, முடி கொட்டுறது, ரத்த அணு குறையுறது, நரம்பு பாதிப்பு, சோர்வுன்னு வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு நாலு பாயிண்ட், சிவப்பு பேனால அண்டர்லைன் வேற. அந்த பேப்பரை டீச்சர் கிளாஸ்ல தூக்கி காட்டினாங்க, இப்படித்தான் எழுதணும்னு.

வேலைக்கு சேந்து ஏழாவது மாசம். அப்ப வார்டுல நைட் ட்யூட்டி. ராத்திரி பத்தரை இருக்கும், வார்டு போன் அடிச்சுச்சு. ஒரு பொண்ணு பேசினாங்க. "சிஸ்டர், அம்மாவுக்கு கீமோ போட்டு 10 நாள் ஆச்சு, சாயங்காலம் குளுருதுன்னு போத்திக்கிட்டாங்க, பாத்தா 100.8 காட்டுச்சு, பாராசிட்டமால் குடுத்தேன், இப்ப இறங்கிடுச்சு, தூங்குறாங்க. காலைல கூட்டிட்டு வந்தா போதுமா?" நான் சொன்னேன், "இறங்கிடுச்சுல்ல, அப்ப தூங்கட்டும்மா, காலைல ஓ.பி.க்கு கூட்டிட்டு வாங்க." நல்ல பதில் சொல்லிட்ட திருப்தியோட போனை வச்சேன், எதிர்ல இருந்தவங்க குரல்லயும் ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சு, அது இன்னும் காதுல இருக்கு.

காலைல ஆறு மணிக்கு ஸ்ட்ரெச்சர்ல வந்தாங்க. பி.பி. மேல் அளவு 70. நியூட்ரோஃபில், அதாவது கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணு, எண்ணிக்கை 100-க்கு கீழ. ஐ.சி.யூ.ல 9 நாள். பொழச்சுட்டாங்க, ஆனா அடுத்த சைக்கிள், அதாவது அடுத்த சுத்து கீமோ, மூணு வாரம் தள்ளிப்போச்சு, டோஸையும் குறைச்சாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்த பொண்ணு என்கிட்ட வந்து "போன்ல பேசினது நீங்க தான?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். வேற ஒண்ணும் கேக்கல, பையை எடுத்துக்கிட்டு போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட பரவாயில்லன்னு தோணுச்சு.

அன்னைக்கு வீட்டுக்கு போய் பழைய நோட்டை எடுத்து பாத்தேன். நியூட்ரோபீனியான்னு (அந்த வெள்ளை அணு குறையுறது) தலைப்பு இருந்துச்சு. கீழ "நோய்த்தொற்று ஏற்படாமல் தடுக்கவும், உடல் வெப்பநிலையைக் கண்காணிக்கவும்"னு நானே அழகா எழுதி வச்சிருக்கேன். யாரு கண்காணிக்கணும், எங்க, எந்த நாள்ல, எவ்வளவு காட்டினா என்ன பண்ணணும், ராத்திரி பத்தரைக்கு போன் வந்தா என்ன சொல்லணும், இதுல ஒரு வரி கிடையாது. எனக்கு மார்க் வாங்கிக்குடுத்த அந்த பாயிண்ட் அந்த அம்மாவுக்கு ஒண்ணுத்துக்கும் உதவல. தப்பு என்னோடது தான், அதை யார் தலைலயும் கட்ட வரல. ஆனா அதே பாயிண்டை இன்னைக்கும் புள்ளைங்க அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க, அது உங்க கைல இருக்கு.

சொல்ல வந்தது இதான். கீமோ எங்ககிட்ட ஏறுறது நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். அது வேலையை காட்டுறது அதுக்கப்புறம், அப்ப பேஷண்ட் வீட்ல இருக்காங்க. நீங்க சொல்லிக்குடுக்குறது எல்லாம் பேஷண்ட் பெட்ல படுத்திருக்குற மாதிரியும், நர்ஸ் பக்கத்துலயே நிக்கிற மாதிரியும் இருக்கு. பாடம் வார்டு வாசலோட நின்னுபோகுது, பின்விளைவு அந்த வாசலை தாண்டின பிறகு தான் ஆரம்பிக்குது.

அதனால முதல்ல கேக்குறது, பின்விளைவை உறுப்பு வாரியா சொல்லிக்குடுக்குறதை விட்டுட்டு நாள் வாரியா சொல்லிக்குடுங்க. வாய், வயிறு, தோல், ரத்தம்னு பிரிச்சா எழுத வசதி, மார்க் போட வசதி, ஆனா போன்ல வர்றவங்க "சிஸ்டர் எனக்கு இரைப்பை குடல் மண்டலத்துல பிரச்சனை"ன்னா சொல்வாங்க? "கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு, இப்படி இருக்கு"ன்னு தான் சொல்வாங்க. நாளை கேட்டதுமே என்ன வரலாம்னு பாதி மனசுல ஓடணும். பாக்ளிடாக்சல்ங்கற கீமோ மருந்துன்னா அலர்ஜி ஆபத்து முதல் பத்து நிமிஷத்துல, அதுவும் முதல் தடவையும் ரெண்டாவது தடவையும் தான் அதிகம், அப்ப பக்கத்தை விட்டு நகரவே கூடாது, மூஞ்சி செவக்குதா, முதுகு வலிக்குதுங்கறாங்களா, மூச்சு இழுக்குதான்னு பாத்துக்கிட்டே நிக்கணும். டாக்ஸோரூபிசின் போட்ட அன்னைக்கும் மறுநாளும் ஒண்ணுக்கு சிவப்பா போகும், முன்னாடியே சொல்லலைன்னா ரத்தம்னு நினைச்சு நடு ராத்திரி ஓடி வருவாங்க (வந்திருக்காங்க, நிறைய பேர்). ரெண்டாம் நாள்ல இருந்து அஞ்சாம் நாள் வரைக்கும் தாமதமா வர்ற வாந்தி. அடுத்த சில நாள்ல வாய்ப்புண். 7-ல இருந்து 14 நாளுக்குள்ள பெரும்பாலான மருந்துகளுக்கு வெள்ளை அணு அடிமட்டத்துக்கு போகும். ரெண்டு மூணு வாரத்துல தலையணைல முடி. விரல் மரத்துப்போறது பல சைக்கிள் கழிச்சு மெதுவா வந்து உக்காரும், ஊசி எல்லாம் முடிஞ்ச பிறகும் சிலருக்கு போகாது. சிஸ்பிளாட்டினுக்கு காதுல ரீங்காரம், டாக்ஸோரூபிசினுக்கு வருஷங்கள் கழிச்சு கூட இதயம். இப்படி ஒரு காலண்டரா மனசுல இருந்தா தான் போனை எடுத்ததும் உதவும்.

அந்த பத்தாம் நாள் காய்ச்சலுக்கே இன்னும் கொஞ்சம் நிக்கிறேன், ஏன்னா உயிர் போற இடம் அது. ஒரே ஒரு தடவை 38.3 டிகிரி, அதாவது 101 ஃபாரன்ஹீட் காட்டினாலோ, இல்ல 38, அதாவது 100.4-ஓ அதுக்கு மேலயோ ஒரு மணி நேரம் நின்னாலோ, கூடவே நியூட்ரோஃபில் 500-க்கு கீழ இருந்தா, இல்ல இருக்கும்னு சந்தேகம் வந்தா, அது எமர்ஜென்சி. ஆஸ்பத்திரிக்கு வந்த 60 நிமிஷத்துக்குள்ள முதல் ஆன்டிபயாடிக் நரம்புல ஏறியிருக்கணும். இந்த எண்கள் புத்தகத்துல எங்கயோ இருக்கு, இல்லன்னு சொல்லல. ஏன் இவ்வளவு அவசரம்னு தான் யாரும் புரிய வைக்கல. சீழ் பிடிக்கணும்னாலே வெள்ளை அணு வேணும், அது இல்லாத உடம்புல புண்ணு இருந்தாலும் சீழ் இருக்காது, செவப்பு கூட லேசா தான் இருக்கும், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கும். உடம்பு கத்தி சொல்றதுக்கு மிச்சம் இருக்குற ஒரே குரல் காய்ச்சல் தான், அதையும் நாம பாராசிட்டமால் குடுத்து அடக்கிட்டு "இறங்கிடுச்சு"ன்னு சந்தோஷப்படுறோம். வாந்திக்கு குடுக்குற டெக்ஸாமெத்தசோன் கூட காய்ச்சலை மறைக்கும். இதை ஒரு தடவை கதையா சொல்லிட்டா எந்த புள்ளைக்கும் மறக்காது. ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வைக்கக்கூடாது, எனிமா குடுக்கக்கூடாதுங்கறதும் தனியா மனப்பாடம் பண்ண வேண்டியது இல்ல, வெள்ளை அணு இல்லாத உடம்புல சின்ன கீறலும் ஆபத்துங்கற காரணம் புரிஞ்சா தானா வந்துடும்.

உடனே ஒரு பதில் வரும்னு தெரியும். "பாடம் ஏற்கனவே நிறைய, புற்றுநோய் பிரிவுக்கு போறவங்க அப்புறமா ஸ்பெஷலா படிச்சுக்கட்டும்." அந்த அம்மா அன்னைக்கு ராத்திரியே கிளம்பியிருந்தா எங்க போயிருப்பாங்க? வீட்டுக்கு பக்கத்துல இருக்குற ஏதோ ஒரு கேஷுவாலிட்டிக்கு. அங்க முதல்ல பாக்குறது கேன்சர் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் இல்ல, நேத்து பாஸ் பண்ணி இன்னைக்கு சேந்த ஒரு புள்ளை. காய்ச்சல்னு வர்ற 20 பேர்ல ஒருத்தர், நடந்து தான் வந்திருக்காங்க, பேசுறாங்க, க்யூல உக்காருங்கன்னு சொல்ல தான் கை போகும். "கடைசியா கீமோ எப்ப போட்டீங்க?"ன்னு ஒரு கேள்வி கேக்கணும்னு தோணுறதுக்கு எந்த ஸ்பெஷல் படிப்பும் தேவை இல்லையே.

அடுத்தது கேக்குற விதம். நாங்க எல்லாரும் கேக்குற கேள்வி "எப்படிம்மா இருக்கீங்க?" அதுக்கு வர்ற பதில் "நல்லாருக்கேன் சிஸ்டர்." முடிஞ்சுது, டிக் போட்டாச்சு. அவங்க பொய் சொல்லல, மரியாதைக்கு சொல்றாங்க, இல்லன்னா சொன்னா கீமோவை நிறுத்திடுவாங்களோன்னு பயந்து சொல்றாங்க, இல்ல இதெல்லாம் பட்டு தான் ஆகணும், இதுல சொல்ல என்ன இருக்குன்னு நினைக்கிறாங்க. ஒரு ஐயா, விரலை மரத்துப்போக வைக்கிற ஆக்ஸாலிபிளாட்டின்ங்கற கீமோ மருந்து ஏழாவது தடவை, எப்ப கேட்டாலும் ஃபர்ஸ்ட் கிளாஸ்ம்பார். ஒரு நாள் கேனுலா போட கையை நீட்டச் சொன்னேன், முழுக்கை சட்டை, மணிக்கட்டு பட்டனை கழட்டணும். அவர் கழட்டல, பக்கத்துல நின்ன அவர் வீட்டம்மா வந்து கழட்டி விட்டாங்க, கேக்காமலே, தினமும் செய்ற வேலை மாதிரி. "ஐயா, நீங்களே பட்டன் போட்டு எத்தனை நாள் ஆச்சு?"ன்னேன். தலையை குனிஞ்சுக்கிட்டார். "ஒரு மாசமா இவ தான் போட்டு விடுறா. செருப்பு நடக்கும்போது கழண்டு போனா கூட தெரியல சிஸ்டர்." கோளாறு அவ்வளவு தூரம் போயிருக்கு, எங்க சார்ட்ல நாலு விசிட்டா "புகார் எதுவும் இல்லை"ன்னு எழுதியிருக்கு, அதுல ரெண்டு என் கையெழுத்து. டாக்டர்கிட்ட சொன்னோம், அன்னைக்கே ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்திட்டு மத்ததை மட்டும் போட்டாங்க.

அன்னைல இருந்து நான் கேக்குற கேள்வி "பட்டன் போட முடியுதா, செருப்பு கழண்டா தெரியுதா, சில்லறையை விரலால எண்ண வருதா?" பேதியான்னு கேக்க மாட்டேன், "வழக்கமா ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க, நேத்து எத்தனை தடவை?"ன்னு கேப்பேன், ஏன்னா வழக்கத்தை விட நாலுல இருந்து ஆறு தடவை அதிகம்னா கடுமைல ரெண்டாவது கிரேடு, ஏழோ அதுக்கு மேலயோ அதிகம்னா மூணாவது கிரேடு, வீட்ல வச்சிக்க கூடாது. வாந்தி எத்தனைங்கறதோட "ஒண்ணுக்கு எத்தனை மணிக்கு போனீங்க, என்ன நிறம்?"னும் கேப்பேன். வாய் வலிக்குதான்னு கேட்டா லேசான்னு சொல்வாங்க, "தண்ணி முழுங்க முடியுதா?"ன்னு கேட்டா உண்மை வரும். இந்த மாதிரி கேள்விகளை கிளாஸ்ல ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, ஒருத்தர் எல்லாத்துக்கும் "நல்லாருக்கேன்"னே சொல்ற பேஷண்டா, இன்னொருத்தர் நர்ஸா நடிச்சு பழக வைங்க. அரை நாள் போதும்.

இதெல்லாம் ஆறுதலுக்கு செய்ற வேலைன்னு யாராவது நினைச்சா ஒரு ஆய்வை சொல்றேன். நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் சென்டர்ல, நோய் பரவின நிலைல கீமோ எடுக்குற 766 பேரை சேத்து பண்ணினது, 2017-ல முடிவு வெளிவந்துச்சு. ஒரு குரூப்புக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குரூப் தங்களுக்கு இருக்குற தொந்தரவை கம்ப்யூட்டர்ல தாங்களே பதிவு பண்ணுவாங்க, ஏதாவது கடுமையாச்சுன்னா நர்ஸுக்கு மெயில் போகும். புது மருந்து எதுவும் இல்ல. வழக்கமான கவனிப்புல இருந்தவங்களோட மீடியன் ஆயுள் (பாதி பேர் அதை தாண்டி இருந்தாங்கங்கற அளவு) 26 மாசம், பதிவு பண்ணினவங்களுக்கு 31.2 மாசம். அஞ்சு மாசத்துக்கு மேல வித்தியாசம். ஒரு புது மருந்து இவ்வளவு நாள் கூட்டிக்குடுத்தா எவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுவாங்கன்னு யோசிச்சு பாருங்க. இதுல மெயில் போனது நர்ஸுக்குங்கறதை மட்டும் மறுபடி ஒரு தடவை படிங்க.

அப்புறம் ஒரு விஷயம், இதை சொன்னா டீச்சர்ஸ் கோவிச்சுக்க கூடாது. பாடம் தனித்தனியா சரியா இருக்கு, ஒண்ணோட ஒண்ணு மோதும்போது தான் ஆபத்து, அந்த மோதலை யாரும் சொல்லிக்குடுக்கறதே இல்ல. வாய்ப்புண் வராம இருக்க 5-எஃப்.யூ.ங்கற கீமோ மருந்தை ஊசியா வேகமா போடும்போது வாய்ல ஐஸ் வச்சிக்கணும், அரை மணி நேரம். ரொம்ப நல்ல வழி, செலவே இல்ல. ஆனா அதே பேஷண்டுக்கு அன்னைக்கே ஆக்ஸாலிபிளாட்டினும் போகுதுன்னா ஐஸை பக்கத்துலயே கொண்டு போகக்கூடாது, சில்லுன்னு ஒரு வாய் தண்ணி குடிச்சாலே தொண்டை இறுகி மூச்சே போகாத மாதிரி இருக்கும், உண்மைல மூச்சுக்குழாய் அடைக்காது, ஆனா அதை அவங்க எப்படி நம்புவாங்க, அந்த பயம் பயம் தானே. ஃப்ரிட்ஜ் கதவை திறந்து உள்ள கை விட்டாலே விரல்ல முள்ளு குத்தும். ஒரு ஸ்டூடன்ட் இப்படித்தான் ஐஸ் டப்பாவை எடுத்துக்கிட்டு ஆர்வமா போச்சு, நான் ஓடிப்போய் கைல இருந்து வாங்கினேன், பாவம், அது படிச்சதை தான் செஞ்சுது.

பேதிக்கு லோபரமைடுன்னு எல்லாரும் படிக்கிறாங்க. இரினோடெகன்ங்கற கீமோ மருந்துல முதல் 24 மணி நேரத்துக்குள்ள வேர்த்து, வயித்தை முறுக்கி, கண்ணு மூக்கெல்லாம் தண்ணியா வர்ற பேதிக்கு அட்ரோபின் தான், அதுக்கப்புறம் வர்றதுக்கு தான் லோபரமைடு, அதுவும் முதல்ல 4 மில்லிகிராம், அப்புறம் 2 மணிக்கு ஒரு தடவை 2 மில்லிகிராம், பேதி நின்னு 12 மணி நேரம் ஆகுற வரைக்கும். அட்டைல போட்டிருக்குற அளவை இது தாண்டிடும், அதனால வீட்ல பயந்துபோய் பாதில நிறுத்திடுவாங்க, இல்லன்னா மருந்து கடைக்காரர் குடுக்க மாட்டேன்னுடுவார். டாக்டர் இந்த அளவை எழுதியிருந்தா ஏன் இப்படின்னு நாம தான் உக்காந்து சொல்லணும், கூடவே காய்ச்சலும் சேந்தா மாத்திரையை நம்பி இருக்காம கிளம்பி வந்துடணும்னும் சொல்லணும். இன்னொரு பக்கம் இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல ஏவி விடுற மருந்து, எடுக்குறவங்களும் "கீமோ போட்டேன்"னு தான் சொல்வாங்க, அவங்களுக்கு பாட்டில்ல ஏறுறது எல்லாமே கீமோ. அவங்க பேதி வேற ஜாதி, உடம்போட எதிர்ப்பு சக்தி குடலையே தாக்குறது, அதுக்கு ஸ்டீராய்டு வேணும், லோபரமைடு குடுத்து அமுக்கி வச்சா உள்ள குடல் ஓட்டையாகுற வரைக்கும் கூட போகலாம். மருந்து பேரை கேக்காம பேதிக்கு பதில் சொல்லக்கூடாதுன்னு ஒரு வரி, அது எந்த நோட்லயும் நான் பாத்ததில்ல.

வாந்திக்கு ஒண்டான்செட்ரான், சரி. முதல் நாள் வாந்திக்கு பெரும்பாலும் குடல்ல இருந்து வர்ற செரோடோனின் காரணம், அதுக்கு அது நல்லா கேக்கும். ரெண்டாம் நாளுக்கு மேல வர்றது வேற பாதை, மூளைல வாந்தியை தூண்டுற சப்ஸ்டன்ஸ் பிங்கற பொருள், அதுக்கு அப்ரெபிடன்ட், கூட டெக்ஸாமெத்தசோன், ஓலான்சபின். அங்க ஒண்டான்செட்ரானை மேல மேல குடுத்தா பெருசா கிடைக்கறது மலச்சிக்கல் தான், வின்கிரிஸ்டின்ங்கற கீமோ மருந்தும் சேந்து போகுதுன்னா குடல் அசையாமலே நின்னுடலாம். ஓலான்சபின்ல ஒரு வேடிக்கை இருக்கு. ராத்திரி ஒரு மாத்திரை, வாந்திக்கு அருமையா கேக்குது. பேஷண்டோட பையன் அதை போன்ல தேடி பாத்துட்டு "எங்கப்பாவுக்கு மனநோய் மாத்திரை குடுத்திருக்காங்க"ன்னு கொதிச்சுப்போய் குப்பைல போட்டுடுவார், அஞ்சாம் நாள் அப்பாவை டிரிப்ஸ் ஏத்த கூட்டிட்டு வருவார். "இது அந்த நோய்க்கும் குடுப்பாங்க, உங்களுக்கு வாந்திக்கு, தூக்கம் வரும் அதனால ராத்திரி போடுங்க"ன்னு முன்னாடியே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா தீந்துது.

அந்த ஒரு வாக்கியத்தை எப்ப சொல்றதுங்கறதும் இருக்கே. நாங்க சொல்றது எப்பன்னா, டிரிப்ஸ் முடிஞ்சு, அலர்ஜிக்கு குடுத்த மருந்துல கண்ணு சொக்கி, கூட வந்தவர் வண்டிக்கு போன் பண்ணிக்கிட்டு இருக்கும்போது, கைல ஒரு பேப்பரை குடுத்து மூணு நிமிஷத்துல பதினெட்டு விஷயம். அவங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க. எது மனசுல நிக்கும்? நான் இப்ப டிரிப்ஸ் ஆரம்பிக்கும்போதே, அவங்க தெளிவா இருக்கும்போதே, மூணே மூணு சொல்றேன், இந்த மருந்துக்கு எது முக்கியமோ அது மட்டும். கிளம்பும்போது திருப்பி கேக்குறேன், "ராத்திரி 100.4 காட்டினா என்ன செய்வீங்கன்னு எனக்கு சொல்லுங்க, நான் சரியா சொன்னேனான்னு பாக்குறேன்." இப்படி கேட்டா அவங்களை பரீட்சை வைக்கிற மாதிரி இருக்காது. ஒரு தாத்தா "தெர்மாமீட்டரே வீட்ல இல்லையேம்மா"ன்னாரு, எனக்கு தூக்கி வாரிப்போட்டுச்சு, அவருக்கு அது நாலாவது சைக்கிள். பேப்பரை படிக்க தெரியாதவங்க எத்தனை பேர்னும் திருப்பி கேட்டா தான் தெரியும், தானா யாரும் சொல்ல மாட்டாங்க.

மருந்து நரம்பை விட்டு வெளிய கசியுறதை பத்தியும் சொல்லியாகணும். டாக்ஸோரூபிசின் மாதிரி மருந்து தோலுக்கு அடில இறங்கினா சதையே கருகிடும். இதை படம் போட்டு சொல்லிக்குடுக்குறீங்க, சரி, ஆனா கை பழகணும். வெறும் சலைனை வச்சே பழக்கலாம். ரெண்டுல இருந்து அஞ்சு மில்லிக்கு ஒரு தடவை சிரிஞ்சை லேசா பின்னுக்கு இழுத்து ரத்தம் வருதான்னு பாக்குறது, சந்தேகம் வந்தா உடனே நிறுத்துறது, பதறிப்போய் ஊசியை பிடுங்காம அது வழியாவே உறிஞ்சி எடுத்துட்டு அப்புறம் கழட்டுறது, ஓரத்தை பேனால வட்டம் போட்டு வைக்கிறது. டாக்ஸோரூபிசினுக்கு குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்கு சூடு, மாத்திட்டா இன்னும் மோசமாகும். எல்லாத்துக்கும் மேல பேஷண்ட் "எரியுது சிஸ்டர்"னு சொன்ன அந்த நிமிஷம் "கொஞ்சம் பொறுத்துக்கங்க"ன்னு நம்ம வாய் பழக்கத்துல சொல்லிடும் பாருங்க, அந்த பழக்கத்தை தான் முதல்ல உடைக்கணும். மத்த ஊசிக்கெல்லாம் அது ஆறுதல், இங்க அப்படி சொன்னா கை போயிடும்.

சின்னதா தெரியுற விஷயத்தையும் விட்டுடாதீங்க. கேப்சைடபின் மாத்திரைல உள்ளங்கை உரிஞ்சு சிலருக்கு விரல் ரேகையே அழிஞ்சு போகும். ரேகை வச்சு தான் எல்லாம் நடக்குற காலம் இது, ஒருத்தர் ஆபீஸ்ல வருகை பதிவாகலைன்னு சம்பளம் பிடிச்சுட்டாங்கன்னு வந்து நின்னார், பின்விளைவு பட்டியல்ல சம்பளம் பிடிக்கிறது எங்க இருக்கு? டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிக்குடுத்தோம், சரியாச்சு.

கொஸ்டின் பேப்பர் போடுறவங்களை முதல்லயே தனியா கூப்பிட்டேன்ல, காரணம் இருக்கு. சிலபஸ்ல நீங்க என்ன வேணா எழுதுங்க, பரீட்சைல எப்படி கேக்குறீங்களோ அப்படித்தான் டீச்சர் எடுப்பாங்க, அப்படித்தான் புள்ளைங்க படிக்கும், நானும் படிச்சேன். "பக்கவிளைவுகளை எழுதுக"ன்னு கேக்குற வரைக்கும் பட்டியல் தான் வரும். இப்படி கேட்டு பாருங்க: "ராத்திரி பத்தரை. கீமோ முடிஞ்ச பத்தாம் நாள். மகள் போன்ல பேசுறாங்க, 100.8 இருந்துச்சு, பாராசிட்டமால் குடுத்து இறங்கிடுச்சுங்கறாங்க. நீங்க கேக்குற முதல் மூணு கேள்வி என்ன, சொல்ற பதில் என்ன, போனை வச்சதும் யாருக்கு தகவல் சொல்வீங்க?" அதே 15 மார்க் தான். செய்முறை தேர்வுலயும் பெட் மேக்கிங் மாதிரி ஒரு போன் ஸ்டேஷன் வைங்க, அந்த பக்கம் எங்கள மாதிரி வேலை பாக்குறவங்க பேசுறோம், கூப்பிட்டா லீவு போட்டுட்டு வர்றேன். பட்டன், செருப்பு கேள்விகள் எல்லாம் எழுதி ஒரு நோட் போட்டு வச்சிருக்கேன், வேணும்னா எடுத்துக்கங்க, என் பேர் கூட போட வேண்டாம்.

இப்படிக்கு,
கீமோ டே கேர்ல வேலை பாக்குற ஒரு நர்ஸ்

பி.கு.: கீமோ போட்ட 48 மணி நேரத்துக்கு பேஷண்டோட வாந்தி, ஒண்ணுக்கு எல்லாத்துலயும் மருந்து இருக்கும், கிளவுஸ் போட்டு தான் தொடணும், ஃப்ளஷ்ஷை மூடியை மூடிட்டு ரெண்டு தடவை இழுக்கணும். இது வீட்ல பாத்துக்குறவங்களுக்கும் பொருந்தும், உங்க ஸ்டூடன்ட்ஸுக்கும் பொருந்தும். போன மாசம் போஸ்டிங் வந்த ஒரு புள்ளை வெறும் கையால வாந்தி பேசினை எடுத்துட்டு போச்சு, கேட்டா "கிளாஸ்ல சொல்லல மேம்"னுச்சு. மாசமா இருக்குற ஸ்டூடன்ட் யாராவது இருந்தா எங்க வார்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நாங்க வேற வேலை குடுத்துக்குறோம்.